மூன்று செவ்வாய் வராதவர்

கோல் மார்க்கெட், புதுதில்லி
18.8.1999

மதிப்பிற்குரிய ஜோஸ்லின் சிஸ்டருக்கு,

வணக்கம்.

1. நீங்கள் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்ததை நம் கழகத்துத் தேவநேசன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் தங்கையின் இடுப்பு எலும்பு சீக்கிரம் கூடிவர வேண்டும். துணைச் செயலாளர் ஊருக்குப் போவதைச் செயலாளர் மூன்றாவது மனிதர் மூலம் அறிவது முறைதானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

2. கழகத்தின் நிலைமை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்து மாடி அறையை நானே திறக்கிறேன். நாற்பத்தொரு பேராக இருந்தோம். இப்போது பதினாறு. புதிதாக யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? ஓய்வு பெறும் வயதைச் சர்க்கார் போன வருஷம் அறுபதாக்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஊரில் ஒரு குமாஸ்தா ரிடையர் ஆகவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்காகக் கழகம் நடத்துகிறவனுக்கு இப்படி ஒரு சோதனை. நீங்கள் போனபிறகு பி.பி. பார்க்க ஆளில்லை. பாதிப் பேர் அதற்காகத்தான் மாடி ஏறினார்கள் என்பது இப்போது தெரிகிறது. வாசுதேவனின் உருது வகுப்பு நான்கு மாதமாக முதல் பதினைந்து எழுத்திலேயே நிற்கிறது.

3. பத்மநாபன் விளக்கக் கடிதம் கொடுத்துவிட்டுப் போன அன்றோடு சரி, அதன்பிறகு வரவில்லை. அவருக்கு நான் மெமோ அனுப்பியது ஏழாவது விதிப்படி. தொடர்ந்து மூன்று செவ்வாய் தகவல் இல்லாமல் வராதவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. பொதுக்குழுவில் கை தூக்கி நிறைவேற்றினோம். பத்மநாபனும் தூக்கினார். இதற்கு முன் ஐந்து பேருக்கு அதே தாள் போயிருக்கிறது. ஒருவரும் அழவில்லை.

4. அன்று எல்லார் முன்னாலும் நீங்கள் என்னைப் பேசியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எப்போது திரும்புகிறீர்கள் என்பதைத் தெரிவிக்கவும்.

தங்கள்,
ராஜகோபாலன்


பாளையங்கோட்டை
2.9.1999

அன்புள்ள ராஜகோபாலன் சாருக்கு,

கடிதத்துக்குப் பாரா எண் போடுகிற ஆளை என் அறுபத்தெட்டு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். நான்காவது பாராவைப் படித்துத் தங்கையிடமும் காட்டினேன். "மனசுல வைக்காதவர் எதுக்கு எழுதுதாரு?" என்று கேட்டாள். படுத்த படுக்கையாக இருந்தாலும் அவளுக்கு வாய் மட்டும் நன்றாக இருக்கிறது.

ஐந்து பேர் அழவில்லை என்கிறீர்கள். அந்த ஐந்து பேரில் நாலு பேர் அப்புறம் கழகத்துக்கே வரவில்லை. அதை எந்தப் பாராவில் எழுதுவீர்கள்?

ஏழாவது விதி எப்படி வந்தது என்று மறந்துபோனீர்களா? கரோல் பாகில் தனியாக இருந்த வேணு குளியலறையில் விழுந்து இரண்டு நாள் கிடந்தார். யாருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் நான் சொன்னேன், வராத ஆளை ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று. நான் சொன்னது அவ்வளவுதான். நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து அதற்கு எண் போட்டு, "எழுத்து மூலம்" என்று சேர்த்து, படிவம் அடித்துவிட்டீர்கள். நாற்பது வருஷம் ஃபைல் பார்த்தவர்களிடம் ஒரு நல்ல காரியத்தைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

அன்று நடந்ததை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஜூன் மாத தில்லி வெயில். பத்மநாபன் சார் கம்பளிக் கோட்டும் டையுமாக மாடி ஏறி வந்தார். வேர்வை காதுக்குப் பின்னால் ஒழுகுகிறது. உங்கள் மேஜைக்கு முன்னால் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. "சார், முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு மெமோ வந்ததில்லை சார்" என்று விளக்கக் கடிதத்தை நீட்டினார். அழுதுவிட்டார். நீங்கள் தலையைத் தூக்காமல், "வெச்சுட்டுப் போங்கோ, பார்த்துச் சொல்றேன்" என்றீர்கள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். "உங்களுக்கு நிர்வாகம் தெரியாது சிஸ்டர், நீங்க ஊசி போடறதோட நிறுத்திக்கோங்கோ" என்று பதில் சொன்னீர்கள். முப்பது பேர் வார்டை நிர்வாகம் செய்தவள் நான்.

நீங்கள் ஒருமுறை கரோல் பாகில் பத்மநாபன் சார் வீட்டுக்குப் போய், அந்த மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். அதுவரை நான் அந்த மாடி ஏறப்போவதில்லை.

ஜோஸ்லின்


கோல் மார்க்கெட்
24.9.1999

சிஸ்டருக்கு,

எண் போடாமல் எழுதுகிறேன். சந்தோஷம்தானே.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் எழுதக்கூடாது என்றிருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. தேவநேசன் எரிமலைகளைப் பற்றிப் பேசினார். பூகோள வாத்தியாராக இருந்தவர், நன்றாகத்தான் பேசுவார். படங்கள்கூடக் கொண்டுவந்திருந்தார். கேட்க மூன்று பேர். அதில் ஒருவன் நான். இன்னொருவர் முதல் எரிமலை வெடிப்பதற்குள் தூங்கிவிட்டார். முடிந்ததும் நான் எழுந்து நன்றியுரை சொன்னேன், அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து. பிறகு நாற்காலிகளை அடுக்கினேன். கதவைப் பூட்ட நிற்கிற சௌகிதார் ஜல்தி, சீக்கிரம் என்று கீழேயிருந்து மணி அடிக்கிறான். ஜமக்காளத்தைச் சுருட்டும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் மேல் கோபப்பட்டேன்.

விதி கல்நெஞ்சம் என்கிறீர்கள். சரி. பொதுக்குழுவில் செயலாளர் பதவிக்கு யாராவது முன்வருகிறீர்களா என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் ஃபேனைப் பார்த்தார்கள். ஆறு வருஷமாக நான்தான். பூட்டு திறப்பது நான், போர்டு துடைப்பது நான், ஃபேன் ஓடவில்லை என்று பிரின்சிபாலிடம் கெஞ்சுவது நான். கேரம் பவுடர் தீர்ந்தால் எனக்குப் போன். ஹார்மோனியத்தை யார் தொட்டார்கள் என்று எனக்குப் போன். எல்லாருக்கும் பொழுது போக வேண்டும், போக வைக்கிறவன் ஒருவன் போதும். விதி என்று ஒன்று இருந்ததால்தான் என்னால் இதைத் தாங்க முடிந்தது. இல்லாவிட்டால் ஒவ்வொருவரிடமும் நான் நயந்து பேச வேண்டும். எனக்கு அது வராது. வீட்டில் இருந்தவளுக்கு வரும். அவள் போய் நாலு வருஷம்.

விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். செவ்வாயும் வெள்ளியும் இல்லாவிட்டால் எனக்குக் கிழமைகளே கிடையாது, சிஸ்டர்.

பத்மநாபன் வீட்டுக்கு நான் போகமாட்டேன். ஒருவருக்கு மெமோவைத் திரும்பப் பெற்றால் ஐந்து பேருக்கும் பெற வேண்டும். அப்புறம் எழுதி வைத்ததற்கு என்ன மரியாதை?

இன்னொரு செய்தி. மாடி அறையில் கம்ப்யூட்டர் வைக்கப்போகிறார்களாம். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. வேறு இடம் தேட என்னால் அலைய முடியாது. நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் தேடுவேன். வராவிட்டால் கழகத்தை இத்தோடு முடித்துக்கொள்வதாக உத்தேசம்.

ராஜகோபாலன்


பாளையங்கோட்டை
20.10.1999

அன்புள்ள சார்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பத்மநாபன் சாருக்கு மறதி நோய். மார்ச் மாதமே எனக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய், பி.பி. பார்க்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார், "சிஸ்டர், நேத்திக்கு என் பொண்ணு பேர் எனக்கு வரலை." நான் அவரையும் ருக்மிணி அம்மாவையும் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் பத்மநாபன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கழகத்துல யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா ராஜகோபாலன் சாருக்கு" என்றார். உங்களிடம் அவருக்கு அவ்வளவு மரியாதை. அண்டர் செக்ரட்டரியாக ரிடையர் ஆனவர் முன்னால் தன் பெயர் கெட்டுப்போகக்கூடாது என்று நினைத்தார். நோயாளி சொன்னதை வெளியே விடுவது என் தொழிலில் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மூன்று செவ்வாயும் அவர் வீட்டிலிருந்து நேரத்துக்குக் கிளம்பித்தான் வந்தார், சார். கழகத்துக்கு வரவில்லை. பழைய ஆபீஸ் கேட்டில் போய் நின்றிருக்கிறார். காவல்காரன் ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினான். ருக்மிணி அம்மா என்னிடம் போனில் அழுதார். உங்கள் மெமோ அதற்கு அடுத்த வாரம் போனது.

ராஜகோபாலன் சார், அவர் கொஞ்ச நாளைக்கு வரமாட்டார், உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை உங்களிடம் நான் சொல்லியிருக்கலாம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. தகவல் கொடுத்ததாக ஆகியிருக்கும், மெமோ போயிருக்காது. எனக்குத் தோன்றவில்லை. அன்று உங்களைப் பார்த்துக் கத்தியதில் பாதி என்னையே பார்த்துக் கத்தியது. ஊருக்கு ஓடி வந்ததும் தங்கைக்காக மட்டும் இல்லை.

இப்போதும் சொல்கிறேன், போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் நிம்மதியாக இருக்கட்டும். நீங்கள் போய் வந்த செய்தி வந்தால் நானும் டிக்கெட் எடுக்கிறேன்.

ஜோஸ்லின்


கோல் மார்க்கெட்
9.12.1999

அன்புள்ள சிஸ்டருக்கு,

போனேன்.

உங்கள் கடிதம் கிடைத்தபிறகு ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். தீபாவளி முடியட்டும், இருமல் முடியட்டும் என்று ஒவ்வொன்றாக முடிந்தது. முந்தாநாள் செவ்வாய். கழகத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். வாசுதேவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். அந்தச் சாவியை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை.

சட்டைப் பையில் ஒரு கடிதம் வைத்திருந்தேன். நானே டைப் அடித்தது. இன்ன தேதியிட்ட மெமோ இதன்மூலம் திரும்பப் பெறப்படுகிறது, தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்குச் செயலாளர் வருந்துகிறார் என்று நாலு வரி. வாயால் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். அதோடு, அவரும் என் போல ஆள்தானே. எழுத்தில் வந்தது எழுத்தில்தான் போக வேண்டும் என்று நினைப்பார் என்று எண்ணினேன்.

கதவைத் திறந்ததே பத்மநாபன்தான். "வாங்கோ வாங்கோ சார்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். முகத்தில் ஒரு கோபமில்லை. இளைத்திருக்கிறார். ஸ்வெட்டரின் பொத்தானை ஒன்று விட்டு ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தார். தில்லிக் குளிரைப் பற்றிப் பேசினார். அதையே மறுபடி பேசினார். நான் கேட்டுக்கொண்டே பையில் கையை விட்டேன். சமையலறை வாசலில் நின்ற ருக்மிணி அம்மா வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார். டீ வேண்டாமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் கடிதத்தைப் பத்மநாபன் கையில் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். ஒவ்வொரு வார்த்தையாக. கீழே இருந்த என் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மெமோவா? எனக்கா?" என்றார். "எப்போ வந்தது? நான் என்ன தப்புப் பண்ணினேன் சார்?"

இல்லை சார், திரும்ப வாங்கியாயிற்று சார், முடிந்துபோன விஷயம் சார் என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். பீரோவைத் திறந்து கோட்டைத் தேடுகிறார். "ருக்கு, என் கோட்டு எங்கே? விளக்கம் குடுக்கணும். இந்த ராஜகோபாலன் ரொம்பக் கண்டிப்பு போலிருக்கு." சிஸ்டர், நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ருக்மிணி அம்மா அவரைச் சமாதானப்படுத்தி உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அவருக்கு அது மறந்தே போயிடுத்து சார். பொண்ணு பேர் மறந்துடுத்தேன்னு அழறேன், ஆனா இது ஒண்ணு மறந்துதேன்னு ஸ்வாமிக்கு நன்னி சொல்லிண்டிருந்தேன். இப்போ நீங்க ஏன் வந்து ஞாபகப்படுத்தறேள்?" என்றார்.

கடிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

உங்கள் மேல் தப்பு சொல்லவில்லை. நீங்கள் போகச் சொன்னீர்கள், காகிதம் கொண்டுபோகச் சொல்லவில்லை. எனக்கு வாய் இருந்தும் காகிதத்தை நம்பினேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய மனுஷன் எதிரே இருக்கிறார், கேட்டால் அவருக்கு வலிக்கும், கேட்காவிட்டால் எனக்கு வலிக்கும். எனக்கே இருக்கட்டும்.

முப்பத்தொன்றாம் தேதியோடு கழகத்தை முடிக்கத் தீர்மானம் எழுதிவிட்டேன். ஆறு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கு அலுத்துவிட்டது.

ராஜகோபாலன்


பாளையங்கோட்டை
28.12.1999

அன்புள்ள சார்,

கிறிஸ்துமஸ் வந்து போனது. கோயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் உங்கள் கடிதம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நர்ஸ். இந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று அழுத்துவதற்கு முன்னால் ருக்மிணி அம்மாவுக்கு ஒரு போன் செய்து, இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாலு மாதத்தில் இந்த நோய் எவ்வளவு தூரம் போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நீங்கள் காகிதத்தை நம்பினீர்கள், நான் என் பிடிவாதத்தை நம்பினேன். அவரை இரண்டாவது தடவை கலங்கவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இனி அவரிடம் மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். சும்மா போய் உட்காருங்கள். அவர் குளிரைப் பற்றிப் பேசினால் நீங்களும் குளிரைப் பற்றிப் பேசுங்கள். பத்துத் தடவை பேசினால் பத்துத் தடவை. அது உங்களுக்கு வராது என்று எழுதியிருந்தீர்கள். ருக்மிணி அம்மாவுக்கும் கொஞ்ச நேரமாவது பக்கத்தில் வேறு மனுஷக் குரல் வேண்டும். அந்த அம்மா கடைசியாக எப்போது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

கழகத்தை முடிப்பதானால் முடியுங்கள். அறை போனால் போகட்டும். எனக்கும் சோர்வுதான், சார். தங்கை இப்போது கோலூன்றி நடக்கிறாள், நான் இங்கே இருக்க இனி சாக்கில்லை. ஆனாலும் அவ்வளவு தூரம் ரயிலில் வந்து, ஆறு பேருக்கு பி.பி. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றிக்கொண்டேதான் ஆறு வருஷம் வந்தேன் என்பதும் ஞாபகம் வருகிறது.

போய் வந்தால் எழுதுங்கள்.

ஜோஸ்லின்


கோல் மார்க்கெட்
16.2.2000

அன்புள்ள சிஸ்டருக்கு,

அறையைக் கொடுத்துவிட்டேன், கெடு தாண்டிப் பத்து நாள் கழித்து. சாவியைக் கொடுத்தபோது பிரின்சிபால் அம்மாள் ஒரு ரசீது தருவார் என்று நின்றேன். சரி சரி என்கிற மாதிரி "அச்சா, டீக் ஹை" என்று சொல்லி டிராயரில் போட்டுக்கொண்டார். ஆறு வருஷம். கேரம் போர்டை வாசுதேவனும் நானும் ஆட்டோவில் ஏற்றினோம். எங்கே கொண்டுபோவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கரோல் பாக் போகச் சொன்னேன்.

வழியில் ஒரு பூத்தில் நிறுத்தி, ருக்மிணி அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் போனேன். நீங்கள் சொன்ன பிறகு அந்தப் புத்தி வந்தது. இப்போது ஆறு செவ்வாயாக அவர்கள் முன்னறையில்தான் கூடுகிறோம். நாலு பேர், சில நாள் ஐந்து. தீர்மானம் எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது, கையெழுத்து வாங்கவில்லை. வருகைப் பதிவேட்டை நான் கொண்டுபோவதில்லை. போன வாரம் தேவநேசன் வரவில்லை. நேற்றுக் காலையில் அவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். ஜலதோஷம்தான். என்னைப் பார்த்து, மெமோ கொடுக்க வந்தேனோ என்று ஒரு நிமிஷம் பயந்துபோனார். மனுஷர்களை என்ன பாடு படுத்தியிருக்கிறேன் பாருங்கள்.

நாங்கள் போனதும் ருக்மிணி அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஐந்து மணிவரை சத்தம் இருக்காது. நேற்று எழுந்து வந்து, "நன்னாத் தூங்கினேன் சார்" என்றார். ஆறு வருஷம் கழகம் நடத்தியதில் இப்படி ஒரு நன்றியுரை எனக்குக் கிடைத்ததில்லை. அதற்காக எனக்கு உற்சாகம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பஸ் ஏறும்போது முழங்கால் வலிக்கிறது. ஒவ்வொரு செவ்வாயும் காலையில் இன்று வேண்டாமே என்றுதான் எழுந்திருக்கிறேன்.

பத்மநாபன் கேரம் ஆடுகிறார். கறுப்புக்காய், வெள்ளைக்காய் பேதமில்லை, எது குழிக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அது அவருடையது. வாசுதேவனுக்கு முதலில் கோபம் வந்தது, இப்போது அவரும் அப்படியே ஆடுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குளிரைப் பற்றிப் பேசுகிறேன். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

நீங்கள் வருவதானால் பி.பி. கருவியை எடுத்து வாருங்கள். வரச்சொல்லி நான் அதிகாரம் செய்யவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்னை அவருக்குத் தெரியவில்லை. வருகிற ஆள் என்று தெரிகிறது, பிடித்திருக்கிறது, பெயர் தெரியவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் என் பக்கமாகச் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்கிறார்:

"சார், அந்த ராஜகோபாலன் இன்னிக்கு வரமாட்டாரே?"

"மாட்டார் சார்" என்கிறேன்.

"அப்பாடா" என்று சொல்லி ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

ராஜகோபாலன்